தவசிலிங்கம் தின்னாத சேவு

வைப்பாற்றுக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில், மேட்டுத்தெருவில், மைக்செட் தவசிலிங்கம் தன் ஆயுசிலேயே முதல் தடவையாக ஒரு தட்டுக் காரச்சேவை வேண்டாம் என்று தள்ளி வைத்தபோது, தெருவில் இருந்த அத்தனை பேர் வாயிலும் காரச்சேவு ருசித்தது. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்த டெய்லர் மும்தாஜுக்கு ருசித்தது, சலூனில் முகமெல்லாம் நுரையோடு அண்ணாந்து கிடந்த போஸ்ட்மேனுக்கு ருசித்தது, பல்லே முளைக்காத கைப்பிள்ளை ஒன்று காரம் தாங்காமல் வீறிட்டு அழுது அப்புறம் சப்புக்கொட்டிச் சிரித்தது, பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்த பூசாரி பதறிப்போய் ஓடிக் கோயில் தொட்டியில் வாயைக் கொப்புளித்தார். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, புது எண்ணெயில் பொரித்த, சுடச்சுடச் சேவு. ருசிக்காதது ஒரே ஒரு வாயில்தான். அது தவசிலிங்கத்தின் வாய்.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கருமாதி எதுவானாலும் ஒலிபெருக்கிக் கூம்பு கட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்துப் பந்தி முடிகிறவரை ஓயாத வாய் அது. ஓய்கிற நேரத்தில் சேவு தின்கிற வாய். பழைய சோற்றுக்குச் சேவு, இட்லிக்குச் சேவு, டீக்குள்ளே போட்டு ஊறவைத்தும் சேவு. இனிப்பை அவன் மதித்ததே கிடையாது. "இனிப்பு பொம்பளைகளுக்கும் சின்னப் புள்ளைகளுக்கும் உள்ளது. ஆம்பளைக்கு நாக்குல சுர்ருன்னு ஏறணும்" என்பான். ஏறத்தான் செய்தது. நாக்கில் ஏறினது ரத்தத்திலும் ஏறி, பிரஷர் மாத்திரையை நாளைக்குப் போடலாம் நாளைக்குப் போடலாம் என்று வருசக்கணக்கில் தள்ளிப்போட்டதில் ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல் பழுதாகி, விடிந்து எழுந்தால் முகம் பணியாரமாக உப்பி, கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மா முன்னால் பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் கைகட்டி நிற்கும்படி ஆயிற்று.

டாக்டரம்மா பொறுமையானவர். "சேவு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இன்னையோட சரி. இளநீர், பேரீச்சம்பழம், கருப்பட்டி, கடலை மிட்டாய், இதுகளும் வேண்டாம். இதுல இருக்கிற பொட்டாசியம் மத்தவங்களுக்குச் சத்து. உங்க கிட்னியால அதை வெளியேத்த முடியாது, ரத்தத்துல தங்கி நெஞ்சை நிறுத்திரும்" என்றார். தவசிலிங்கத்தின் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவப்பட்டு, "உங்களுக்குச் சுகர் இல்ல. எப்பயாச்சும் வாய் கேட்டா சின்னதா ஒரு சீனி மிட்டாய் தின்னுக்கங்க. அதுக்கு நான் சண்டைக்கு வர மாட்டேன்" என்றும் சொன்னார். இதைக் கேட்டிருக்க வேண்டிய அவன் பெண்டாட்டி வேலுத்தாய் அந்நேரம் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அங்கேதான் எல்லாம் கோளாறாகிப்போனது.

அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே தெருவுக்கு விசயம் தெரிந்திருந்தது. தெரிந்ததோடு நிற்காமல் தெரு ஒரு முடிவுக்கும் வந்திருந்தது. கிட்னி போச்சு என்றால் சீனிதான் காரணம், இதில் என்ன சந்தேகம்? சர்க்கரை வியாதிக்காரியான மும்தாஜ் வந்து சீனி டப்பாவைக் கையோடு எடுத்துப் போனாள். பதிலுக்கு ஒருத்தர் கருப்பட்டி கொண்டுவந்தார், ஒருத்தர் பேரீச்சம்பழம், ஒருத்தர் குலையோடு இளநீர். "இயற்கையானது, உடம்புக்குக் குளுமை" என்றார்கள். தவசிலிங்கம் அவர்களைத் திருத்தத்தான் வாயைத் திறந்தான். திறந்தவன், பட்டென்று ஒரு யோசனை உதித்து மூடிக்கொண்டான். தெரு மொத்தமும் சீனிக்குக் காவல் நின்றால் சேவுக்கு யார் காவல்? ஒருத்தரும் இல்லை. இப்படி ஒரு மூளை எனக்கு இத்தனை நாளாக எங்கே இருந்தது என்று அவனுக்கே மலைப்பாக இருந்தது. கிட்னி நின்றால் மூளைக்குக் கரண்ட் கூடுதலாக வரும் போலிருக்கிறது.

இருந்தாலும் நெஞ்சு நின்றுபோகும் என்று டாக்டரம்மா சொன்னதை மறக்க முடியவில்லை. அந்த வாரமே ஒரு காதுகுத்து வீட்டில் லட்டும் சேவுமாகத் தட்டு அவன் முன்னால் வந்தபோது, நிஜமாகவே பயந்து, நிஜமாகவே தட்டைத் தள்ளினான். "எனக்கு வேண்டாம்ப்பா. லட்டும் வேண்டாம், சேவும் வேண்டாம். உடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான். மைக் அணைக்காமல் கிடந்தது. அவன் வேண்டாம் என்றது நாலு கூம்பு வழியாகத் தெருவுக்கும், தெருவைத் தாண்டிக் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது. கூம்பின் சத்தம் எதுவரைக்கும் போனதோ அதுவரைக்கும் ருசியும் போனது. லட்டு மட்டும் யார் வாய்க்கும் வரவில்லை. வருகிறதற்கு அவன் அதற்கு ஆசைப்பட்டிருக்க வேண்டுமே.

முதலில் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. சேவுக்கடை ரத்தினச்சாமி அண்ணாச்சியின் எண்ணெய்ப் புகை காற்றில் வருகிறது என்றார்கள். ரெண்டாம் தடவை, ஒரு கல்யாணத்தில் தவசிலிங்கம் தட்டை வெறித்துப் பார்த்து எச்சிலை முழுங்கிக்கொண்டு நகர்ந்தபோது மறுபடியும் அதே ருசி வந்தது. மூன்றாம் தடவையும் வந்தது. அதோடு தெருவுக்கு விளங்கிப்போனது. விளங்கின பிறகு யாரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, அவரவர்க்கு வேலை கிடந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாதிரி இதுவும் ஒரு நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். விரதக்காரர்கள்தான் கொஞ்சநாள் கலங்கினார்கள். பூசாரி யோசித்துப் பார்த்து, "நாக்குல வந்தது தொண்டைக்குள்ள எறங்கல. அப்ப அது சாப்பாட்டுக் கணக்குல சேராது" என்று தீர்ப்புச் சொன்னபின் அந்த வருசம் தெருவில் விரதம் இருக்கிறவர்கள் கூடிப்போனார்கள். பிரஷர்காரர்களும் பல் போனவர்களும் சாயங்காலமானால் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து, "தவசி இன்னும் கடைப்பக்கம் வரலையா?" என்று விசாரித்தார்கள்.

ரத்தினச்சாமி அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டார், தின்னாமலே ருசி கிடைத்தால் எவன் கடைக்கு வருவான் என்று. நடந்ததோ வேறு. நாக்குக்கு ருசி வந்தாலும் பல்லுக்கு வேலை வரவில்லை, நறுக்கென்று கடிக்க ஒன்றும் இல்லாமல் தாடை பரபரவென்று அரிக்க, ருசி வந்த வேகத்தில் ஜனங்கள் கடைக்கு ஓடிவந்தார்கள். அதுக்கப்புறம் அண்ணாச்சியே கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு போட்டு, மேலே காற்றாடி மாட்டி, "நீங்க சும்மா உக்காந்து பாருங்கண்ணே, அது போதும்" என்று தவசிலிங்கத்தைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

வந்த வாழ்வைப் பாருங்கள்! ரெண்டு கிட்னியும் நல்லா வேலை பார்த்த காலத்தில் ஒரு நாய் அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது தேய்த்த சட்டை என்ன, நெற்றியில் விபூதி என்ன, கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்கு அடுத்த நாற்காலி என்ன. "சீனியத்தான விடச் சொன்னாக? இந்த மனுசன் சேவையும் சேத்து விட்டுருக்காரே, என்னா வைராக்கியம்!" என்று தெரு மெச்சியது. தவசிலிங்கம் அடக்கமாகச் சிரித்து, கேட்பவர்களுக்கு ஆசையை அடக்குகிற வழி பற்றிப் பேச ஆரம்பித்தான். பேசும்போது மைக் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பெரிய மனிதனுக்கு உரிய கவலையோடு நினைத்தான்.

அவனுக்கு ஒரே ஒரு குறை, தன் வாய்க்கு மட்டும் ஒன்றும் வரவில்லை என்பது. ஒன்றும் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. மத்தியானம் சாய்கிற பொழுதில், ரத்தினச்சாமி கடையில் இனிப்புச் சட்டி ஏறுகிற நேரத்துக்கு, நாக்கில் லேசாக ஓர் இனிப்புத் தட்டும். மாவைக் கயிறாகப் பிழிந்து சுட்டுப் பாகில் முக்கி எடுக்கிற சீனி மிட்டாயின் இனிப்பு. சனியன், தட்டுகிறதுதான் தட்டுகிறது, சேவாகத் தட்டக் கூடாதா? டாக்டரம்மாவிடம் சொன்னதற்கு, இந்த நோயில் நாக்கு ருசி மாறும், வாய் கசக்கும், அதுபோல ஏதாவது இருக்கும் என்றார். வேலுத்தாயிடம் சொன்னதற்கு, "வாயக் கொப்புளிங்க" என்றாள்.

இந்த வைராக்கியசாலி, மைக்செட் சாமான் போடுகிற ஓட்டுக் கொட்டகையில், பழைய கூம்பு ஒன்றின் வாய்க்குள்ளே பாலிதீன் பையில் சேவு ஒளித்து வைத்திருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டியதுதான். முதலில் ஒரு கை அள்ளுவான். அப்புறம் அள்ளின கைக்குத் துணையாக இன்னொரு கை. வயிறு நிறையச் சேவைத் தின்றுவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து சேவைப் பார்த்தால் ஆசை எங்கேயிருந்து வரும்? தெருவில் ருசி தேய்ந்தது. முதலில் பூண்டு வாசம் போனது, அப்புறம் மிளகு போனது, பிறகு வெறும் கடலை மாவு மாதிரி சப்பென்று நின்றது. "என்னண்ணே, ருசி மட்டா இருக்கே?" என்று போஸ்ட்மேன் கேட்டபோது, "தினம் தினம் தின்னு ஒங்க நாக்கு மரத்துப்போச்சுய்யா" என்றான் தவசிலிங்கம் கூசாமல். பாவம், தெரு அதையும் நம்பியது. வீட்டுக்கு வீடு விடிகாலையில் நாக்கு வழிக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவனுக்கு வெட்கம் வரத்தான் செய்தது. ஆனால் கொட்டகை வாசல் வரைக்கும்தான் அது கூட வந்தது.

காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. வேலுத்தாய் கவலைப்பட்டுக் கருப்பட்டிக் காபியை இன்னொரு டம்ளர் சேர்த்துக் கொடுத்தாள், இளநீர் சீவிக் கொடுத்தாள். கொடுத்ததையெல்லாம் அவன் குடித்தான். வேண்டாம் என்றால் ஏன் என்பாள், ஏன் என்று சொன்னால் டாக்டரம்மா சொன்ன மிச்சத்தையும் சொல்லவேண்டி வருமே.

ஒருநாள் சாயங்காலம் தெரு முழுக்க வாயில் இரும்பு ருசித்தது. துருப்பிடித்த பூட்டை நக்கின மாதிரி. வாசலில் நாற்காலி போட்டிருந்தவர்கள் காறித் துப்பினார்கள், கைப்பிள்ளைகள் பால் குடிக்க மறுத்தன, ரத்தினச்சாமி கடையில் கையில் சேவோடு நின்றவர்கள் சேவைக் கீழே போட்டார்கள். மும்தாஜ் தையல் மிசினை விட்டு எழுந்தாள். "நம்ம நாக்கு இல்ல இது. அண்ணனோட நாக்கு. அண்ணனுக்கு என்னமோ ஆகிப்போச்சு, ஓடியாங்க!" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினாள்.

கொட்டகையில் சாமான்களுக்கு நடுவே தவசிலிங்கம் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தான். கூம்புக்குள் கையை விட்டுச் சேவைத் தொட்டபோது, வாழ்க்கையில் முதன்முறையாக, அவனுக்குச் சேவு வேண்டியிருக்கவில்லை. எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அவனைத் தூக்கி அவனுடைய லோடு ஆட்டோவிலேயே போட்டார்கள். போடுகிற அவசரத்தில் கூம்பு உருண்டு தெருவில் விழுந்து, அதன் அகலமான வாய் வழியாகச் சேவு கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள். யாராவது ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருத்தரும் திட்டவில்லை. வேலுத்தாய் கொட்டினதை ஒருகணம் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியலையே, எனக்குத் தெரியலையே" என்று மதுரை வரைக்கும் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிசின் அவன் ரத்தத்தை வெளியே எடுத்து அலசி உள்ளே விட்டது. இனி வாரத்துக்கு ரெண்டு நாள் அப்படித்தான் என்றார்கள். மிசினின் ஊசியைக் குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்தார்கள். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடியது. தன் உடம்புக்கே ஆம்ப்ளிபயர் மாட்டியாயிற்று என்று நினைத்தான், சொல்லிச் சிரிக்கத் தெம்பில்லை. எதெல்லாம் கூடாது என்று இந்தத் தடவை வேலுத்தாய்க்கே டாக்டரம்மா சொன்னார், வேலுத்தாய் கருப்பட்டியையும் பேரீச்சையையும் தூக்கிப் போட்டாள். சீனியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது, சீனி விசமென்று ஊருக்கே தெரியுமே.

வீட்டுக்கு வந்தபின் தெரு அமைதியாக இருந்தது. பெஞ்சு அப்படியே கிடந்தது, அதில் யாரும் உட்காரவில்லை. தவசிலிங்கத்துக்கு எதன் மேலும் ஆசை வரவில்லை, தெருவுக்கு எந்த ருசியும் வரவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் "நல்லாருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல், தங்கள் நாக்கை உள்ளுக்குள்ளே ஒரு தடவை சப்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒன்றும் இருக்காது. முகம் வாடிப்போகும். ஆசைப்படுவதற்குக் கூட ஒரு கொடுப்பினை வேண்டும் போல, அதையும் நான் சேவோடு சேர்த்துத் தின்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானத்தில்தான் வாயில் சீனி மிட்டாய் தட்டியது. லேசாக இல்லை. பாகு சொட்டச் சொட்ட, கடைவாய் வரைக்கும், கண்ணில் தண்ணீர் வருகிற இனிப்பு. நாக்கு மாறினதாக இருந்தால் கசக்க வேண்டும், துரு ருசிக்க வேண்டும், இப்படியா இனிக்கும்? இது வேறு யாரோ. தன்னை மாதிரி யாரோ ஒருத்தர் எங்கேயோ ஒரு தட்டைத் தள்ளி வைக்கிறார்கள். தவசிலிங்கம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருவுக்கு வந்தான்.

ரத்தினச்சாமி கடை முன்னால் வேலுத்தாய் நின்றாள். கையில் சீனி மிட்டாய், அப்போதுதான் பாகிலிருந்து எடுத்தது. முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை மூடி மோந்து பார்த்தாள். பிறகு தாம்பாளத்திலேயே திருப்பி வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு தின்னுங்க மதினி" என்றார் ரத்தினச்சாமி.

"வேண்டாம் அண்ணாச்சி. அவுகளுக்கு ஆகாதது எனக்கு எப்படி எறங்கும்?"

தவசிலிங்கத்தைப் பார்த்துவிட்டு ரத்தினச்சாமி சொன்னார்: "வாங்கண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. உங்களுக்குக் கிட்னின்னு சொன்ன நாள்லருந்து தெனமும் இதே கூத்துதான். எடுப்பாக, மோந்து பாப்பாக, வச்சுட்டுப் போயிருவாக."

தவசிலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவன் வேண்டாம் என்றது ஊரே கேட்கும்படி, அதனால் ஊர் வாய்க்குப் போனது. இவள் வேண்டாம் என்றது ஒருத்தனை நினைத்து. அது வந்து சேர்ந்த வாயோ, சேவாக வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டது. வந்ததைக் கொப்புளித்துத் துப்பியது. "நான் மனுசனே இல்ல வேலு" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான்.

"என்னங்க, நெஞ்சு வலிக்கா?"

"சீனி எனக்கு ஆகும்டி."

"என்னது?"

"எனக்குச் சுகர் இல்ல. சின்னதா ஒண்ணு தின்னலாம்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாக. நாந்தான் சொல்லல. நீங்கள்லாம் சீனியவே பாத்துக்கிட்டு இருந்தா சேவ யாரும் பாக்க மாட்டீகன்னு..."

வேலுத்தாய் தாம்பாளத்துக்குத் திரும்பினாள். வைத்த மிட்டாயையே எடுத்தாள், அவன் முகத்தைப் பார்த்தபடியே கடித்தாள். "இத்தன நாளா!" என்று ஒரு கடி. "கருப்பட்டி வேற போட்டுக் குடுத்தேனே பாவி, என் கையால!" என்று ஒரு கடி. பாகு முழங்கைக்கு வழிந்தது, கண்ணீர் தாடைக்கு வழிந்தது, அவள் எதையும் துடைக்கவில்லை. ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை எடுத்தாள். ரத்தினச்சாமி தாம்பாளத்தை அவள் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தார்.

அவள் கடித்த முதல் கடியிலேயே தவசிலிங்கத்தின் வாயிலிருந்து இனிப்புப் போய்விட்டது. இத்தனை நாளாகக் கேட்காமல் கிடைத்தது, போனபிறகு வாய் வெறும் வாயாகக் காய்ந்து கிடந்தது. அவன் அவள் கையையே பார்த்தான். ஒடித்த இடத்தில் பாகு நூலாக இழுபட்டது. இனிப்பை மதிக்காத அந்த ஆம்பளையின் நாக்கடியில் எச்சில் சுரந்தது. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு, ஆசையை எச்சிலோடு சேர்த்து முழுங்கினான்.

தெருக்கோடியில் தையல் மிசின் நின்றது. ஒரு நாற்காலி நகர்ந்தது. கைப்பிள்ளை ஒன்று களுக்கென்று சிரித்தது. போஸ்ட்மேன் சைக்கிளை நிறுத்திக் கண்ணை மூடி நின்றார். குண்டூசியை வாயிலிருந்து துப்பிவிட்டு மும்தாஜ் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இனிக்குது! ஏ, எல்லாரும் பாருங்க, இனிக்குது! அண்ணன் பொழச்சுக்கிட்டாக!"

வேலுத்தாய் மெல்லுவதை நிறுத்தினாள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் வாசலில் வந்து நின்று சப்புக்கொட்டுகிற தெருவைப் பார்த்தாள். பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கிற புருசனைப் பார்த்தாள். கையில் இருந்ததை ஒடித்து, சின்னத் துண்டாகப் பார்த்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"தின்னுங்க" என்றாள். "தெரு ஒரு நாளைக்குச் சப்புன்னு கெடக்கட்டும்."